மெயில் நிஜமா போலியா என்று நான் பார்க்கும் விதம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினேழு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். நூல் மில், டையிங், பட்டன், அட்டைப்பெட்டி, ஷிப்பிங் ஏஜென்ட் என்று நாள் முழுக்க மெயில் வந்துகொண்டே இருக்கும். அதில் ஒரே ஒரு மெயில் எங்கள் நாலு லட்சத்தைக் கொண்டுபோகப் பார்த்தது.

வாடிக்கையாக நூல் வாங்கும் மில்லின் பெயரில் வந்த மெயில் அது. எங்கள் பழைய மெயிலுக்குப் பதிலாகவே வந்திருந்தது. கீழே ஆர்டர் எண், 30 கவுண்ட் நூலின் விலை, நான் எழுதிய பழைய வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆடிட் நடப்பதால் பழைய கணக்கில் பணம் போட வேண்டாம், கீழே உள்ள புதுக் கணக்கில் போடுங்கள் என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பிழை கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் பெண், வங்கி வழியாகப் பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் ஃபாரம் எழுதியே விட்டாள். "அக்கா, முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடட்டுங்களா?"

எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வார்த்தைதான். மில் கணக்கர் என்னை எப்போதும் 'சிஸ்டர்' என்றுதான் எழுதுவார். இதில் 'மேடம்' என்று இருந்தது. பழைய பில்லை எடுத்து, அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். "நாங்க எதுக்குங்க சிஸ்டர் கணக்கை மாத்தறோம்?" என்றார். அவர்கள் மெயில் பாக்ஸுக்குள் எவனோ புகுந்து, வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு காப்பி போகிற மாதிரி செட்டிங் மாற்றி வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் முதலாளிக்கு, இதெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு நடப்பது என்று ஒரு நினைப்பு. கூகுளையும் ஃபேஸ்புக்கையும் லித்துவேனியாக்காரர் ஒருவர் இதே வேலையைச் செய்துதான் ஏமாற்றினார். 2013 முதல் 2015 வரை, அவர்களுக்குப் பொருள் கொடுக்கும் தைவான் கம்பெனியின் பெயரில் போலி பில் அனுப்பி, 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019இல் அவருக்கு 5 வருடம் சிறை. இதைச் சொன்ன பிறகு முதலாளி ஒன்றும் பேசவில்லை.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அதை மறந்துவிடுங்கள். இப்போது வருகிற போலி மெயில்கள் நான் எழுதுவதைவிட நல்ல ஆங்கிலத்தில் இருக்கின்றன. லோகோவும் அப்படித்தான், எவன் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம்.

முதலில் பார்க்க வேண்டியது அனுப்பியவரின் முகவரி. பெயரை அல்ல, முகவரியை. போனில் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி விரியும். எங்களுக்கு வந்ததில் மில்லின் பெயரில் இருக்கும் ஆங்கில 'எம்'முக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தான். சின்ன எழுத்தில் அடித்தால் இரண்டும் சேர்ந்து 'எம்' மாதிரியேதான் தெரிகிறது. கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்கு இரண்டு நிமிடம் ஆனது.

லிங்க்கைப் படிப்பது எப்படி என்று ஆபீஸ் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தபால் முகவரியில் கதவு எண், தெரு எல்லாம் முன்னால் வரும், ஊர் கடைசியில் வரும். வெப்சைட் முகவரியும் அப்படித்தான். முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருப்பதுதான் ஊர். 'இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால் அது வருமான வரித்துறை. அதற்குப் பின்னாலும் ஒரு டாட், ஏதோ ஒரு பெயர், டாட் காம் என்று நீண்டால், முன்னால் இருப்பதெல்லாம் வெறும் கதவு எண்தான். கம்ப்யூட்டரில் லிங்க்கின் மேல் மவுஸை வைத்தாலே போதும், க்ளிக் செய்யாமல் முகவரி கீழே தெரியும். போனில் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஜிஓவி டாட் இன் அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். வங்கிகளுக்கும் இப்போது இந்த மாதிரி ஒன்று வந்திருக்கிறது. வெப்சைட்டை 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வங்கியாக இல்லாதவர் அந்தப் பெயரை வாங்க முடியாது.

இன்னும் சந்தேகம் இருந்தால், ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும், அனுப்பியவரின் முகவரி நிஜமா என்று ஜிமெயில் சோதித்துப் பார்த்த முடிவு அது. தெரிந்த முகவரியில் இருந்து வந்த மெயிலுக்கு அங்கே 'ஃபெயில்' என்று இருந்தால் உடனே உஷாராகிவிடுங்கள். ஆனால் 'பாஸ்' என்று இருந்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். அந்த முகவரியில் இருந்துதான் மெயில் வந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. திருடன் சொந்தமாக ஒரு முகவரி வாங்கி அனுப்பினாலும் 'பாஸ்'தான், மில்லின் நிஜ மெயில் பாக்ஸுக்குள் உட்கார்ந்து அனுப்பினாலும் 'பாஸ்'தான்.

இதற்கு நேர் எதிரான கஷ்டம் ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. நிஜ மெயிலும் பல நேரம் திருட்டு மெயில் மாதிரியே இருக்கும். என் தம்பிக்கு வருமான வரியில் இருந்து ஒரு மெயில் வந்தது. உள்ளே ஒரு பிடிஎஃப், திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. "இதெல்லாம் ஃபிராடு" என்று அழித்துவிட்டான். அது ரிட்டர்னைச் சரிபார்த்துவிட்டு வரித்துறை அனுப்பும் நிஜமான 143(1) நோட்டீஸ், பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்துப் பிறந்த தேதியைச் சேர்த்தால் திறந்திருக்கும். கட்ட வேண்டிய பாக்கி சின்னத் தொகைதான். ஆனால் 30 நாள் தாண்டியதால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டியும் சேர்ந்துகொண்டது.

அதனால் மெயிலைப் பார்த்து நம்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். மெயிலில் உள்ள லிங்க்கை விட்டுவிட்டு, நீங்களே முகவரியை அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். விஷயம் நிஜமென்றால் அங்கேயும் இருக்கும். வரித்துறைக் கடிதங்களில் 2019 அக்டோபர் முதல் டிஐஎன் என்று, ஒவ்வொரு கடிதத்துக்கும் தனியாக ஒரு அடையாள எண் இருக்கிறது. அது சரியா என்று வரித்துறை வெப்சைட்டில் லாகின் செய்யாமலே, மொபைலுக்கு வரும் ஓடிபியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ரீஃபண்டுக்குக் கார்டு எண்ணும் சிவிவியும் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், போலி. அந்தப் பணம் நாம் ஏற்கெனவே சரிபார்த்துக் கொடுத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. வழக்கமாகத் தானே நிரம்பும் பாஸ்வேர்டு ஒரு நாள் நிரம்பவில்லை என்றால், அடித்து நிரப்பாமல் முகவரியைப் பாருங்கள். நம் கண்ணுக்கு 'எம்' மாதிரி தெரிந்தாலும் பிரவுசர் ஏமாறாது, முகவரி வேறென்றால் பாஸ்வேர்டை நிரப்பாது.

அட்டாச்மென்ட்டில் பில் என்று சொல்லிவிட்டு ஹெச்டிஎம்எல், ஜிப், ஏபிகே என்று வந்தால் திறக்காதீர்கள். ஏபிகே என்பது போனில் ஆப் ஏற்றும் ஃபைல், எந்த மில்லும் பில்லை அதில் அனுப்பாது.

பணம் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. ஆர்டிஜிஎஸ்ஸில் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் பணம் போகும், நாம் எழுதும் பெயரைப் பார்த்து அல்ல. எண் எவனுடையதோ, பெயர் மில்லுடையது என்று எழுதினாலும் பணம் போய்விடும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2025 ஏப்ரல் முதல் எண்ணைப் போட்டதும் நிஜப் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும். அனுப்பும் முன் அதைப் பாருங்கள்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள். பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நாமே கொடுத்துப் பணம் போனால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அந்த மில் நிஜமாகவே கணக்கை மாற்றியது. மெயில் அனுப்பிவிட்டுக் கணக்கரே போன் செய்தார். "சிஸ்டர், மெயில் போட்டிருக்கேன், இந்தத் தடவை நிஜம்தானுங்க" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டு, பழைய பில்லில் இருந்த எண்ணுக்கு நானே திரும்பக் கூப்பிட்டேன். அவர்தான் எடுத்தார், சிரித்துக்கொண்டே.