நிக்ஸ்ஓஎஸ்-இல் வன்பொருள் சேவை மாட்யூல்களைப் பராமரிப்பது எப்படி

நிக்ஸ்ஓஎஸ் என்பது முழு இயங்குதளத்தையும் அமைவுக் கோப்புகளில் எழுதி அறிவித்து உருவாக்கும் லினக்ஸ் வகை; அதில் ஒரு சேவையை அமைக்கும் பகுதியே மாட்யூல். இணையச் சேவை ஒன்றுக்கான மாட்யூலைப் பராமரிப்பவர் தாம் எழுதும் அமைவையே பெரும்பாலும் நம்பியிருக்கலாம். மின்விசிறி, புளூடூத், அட்டை வாசிப்பான் போன்றவற்றை ஆளும் மாட்யூலைப் பராமரிப்பவருக்கு அந்த வசதி இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் எந்த வரிசையில் சாதனங்களைக் கண்டறிகிறது, சாதனம் தன் சொந்த நினைவகத்தில் எதை வைத்திருக்கிறது, பயனர் எந்த நேரத்தில் கேபிளைச் செருகுகிறார் என்பவையெல்லாம் அமைவுக் கோப்பின் கைக்கு எட்டாதவை. அவற்றுக்கு இடம்கொடுத்து எழுதப்பட்ட மாட்யூல்தான் நீண்ட நாள் நிற்கும் என்பது என் அனுபவம்.

நிக்ஸ்ஓஎஸ்-இன் பேக்கேஜ்களும் மாட்யூல்களும் இருக்கும் நிக்ஸ்பேக்கேஜஸ் களஞ்சியத்தில் இத்தகைய மாட்யூல்களில் பெரும்பாலானவை சர்வீசஸ் அடைவுக்குள் இருக்கும் ஹார்ட்வேர் என்னும் உள்ளடைவில் உள்ளன. ஒவ்வொன்றிலும் விருப்பங்களை அறிவிக்கும் ஆப்ஷன்ஸ் பகுதியும், அவற்றைக் கொண்டு இயங்குதளத்தை அமைக்கும் கான்ஃபிக் பகுதியும் உண்டு. சேவையின் மூல மென்பொருளில் உள்ள ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனி விருப்பம் உருவாக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். மூல மென்பொருள் ஒரு சாவியின், அதாவது ஓர் அமைப்பின், பெயரை மாற்றும்போதெல்லாம் நீங்களும் ஓட வேண்டியிருக்கும். செட்டிங்ஸ் என்ற ஒரே விருப்பத்தை எந்தச் சாவியையும் ஏற்கும் திறந்த வடிவில் அறிவித்து, உண்மையிலேயே வகைச் சரிபார்ப்பு தேவைப்படும் இரண்டு மூன்று சாவிகளை மட்டும் அதற்குள் வெளிப்படையாக எழுதினால் போதும்.

அடுத்தது யூடெவ் விதிகள், அதாவது ஒரு சாதனம் தோன்றும்போது என்ன செய்ய வேண்டும் என்று யூடெவ் சேவைக்குச் சொல்பவை. மிக அதிகமான குழப்பம் இங்கேதான் நேர்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணினிமுன் அமர்ந்திருக்கும் பயனருக்கு ஒரு யூஎஸ்பி சாதனத்தைத் திறக்கும் உரிமை தர வேண்டுமானால், விதியில் யூஆக்சஸ் என்ற குறிச்சொல்லைச் சேர்ப்பதே சரியான வழி. பலர் அந்த விதியை எக்ஸ்ட்ராரூல்ஸ் விருப்பத்தில் எழுதிவிட்டு, விதி கோப்பில் தெளிவாக இருந்தும் உரிமை கிடைக்கவில்லையே என்று தவிக்கிறார்கள். காரணம் எளிது. எக்ஸ்ட்ராரூல்ஸில் எழுதுபவை அனைத்தும் 99 என்ற எண்ணில் தொடங்கும் உள்ளூர் விதிக் கோப்புக்குள் போய்ச் சேர்கின்றன. அந்தக் குறிச்சொல்லைப் படித்து உரிமை வழங்கும் சிஸ்டம்டியின் (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) விதியோ 73 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பில் இருக்கிறது. கோப்புகள் பெயர் வரிசைப்படியே படிக்கப்படுவதால், உரிமை வழங்கும் படி கடந்த பிறகுதான் உங்கள் குறிச்சொல் ஒட்டப்படுகிறது. ஆகவே விதியை 70 போன்ற சிறிய எண்ணில் தொடங்கும் தனிக் கோப்பாக ஒரு பேக்கேஜுக்குள் வைத்து, அந்தப் பேக்கேஜை யூடெவ்வின் பேக்கேஜஸ் பட்டியலில் சேருங்கள். எல்லோருக்கும் எழுதும் உரிமை தரும் 0666 என்ற எண்ணைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் திருத்தம் வந்தால், அதை ஏற்காமல் இந்தக் காரணத்தை விளக்கித் திருப்பி அனுப்புங்கள்.

மூல மென்பொருளோடு வரும் விதிக் கோப்புகள், வழக்கமான லினக்ஸ் அடைவுகளில் நிரல்கள் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. நிக்ஸ்ஓஎஸ் விதிகளைத் தொகுக்கும்போதே, அவை இயக்கச் சொல்லும் நிரல்கள் அந்தந்தப் பாதையில் உண்மையாக உள்ளனவா என்று பார்த்து, இல்லையென்றால் இயங்குதளத்தைக் கட்டும் பணியை நிறுத்திவிடும். பேக்கேஜின் புதிய பதிப்பில் விதிக் கோப்பு மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய விதி, ஏற்கெனவே செருகப்பட்டிருக்கும் சாதனத்துக்குத் தானாகப் பொருந்தாது என்பதையும் சோதிக்கும்போது மறக்க வேண்டாம். சாதனத்தைக் கழற்றிச் செருக வேண்டும், அல்லது யூடெவ்அட்மின் கருவியின் டிரிகர் கட்டளையை இயக்க வேண்டும்.

சேவையை எப்படி இயக்குவது என்று விவரிக்கும் சிஸ்டம்டி யூனிட்டுகளிலும் இத்தகைய ஒரு பொறி உண்டு. மூல மென்பொருள் தரும் யூனிட் கோப்பை அப்படியே சிஸ்டம்டியின் பேக்கேஜஸ் பட்டியலில் சேர்த்தால், அதன் இன்ஸ்டால் பகுதி செயல்படாது. நிக்ஸ்ஓஎஸ்-இல் யூனிட்டை இயக்கத்தில் இணைக்கும் கட்டளை தனியாக ஓடுவதில்லை. எனவே சேவை எதனுடன் சேர்ந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் வான்டட்பை மதிப்பை மாட்யூலிலேயே மீண்டும் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் சேவை கையால் தொடங்கும்போது ஓடும், கணினி மறுதொடக்கத்துக்குப் பின் ஓடாது.

பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைச் சேர்க்கும்போது சிஸ்டம்டியின் பகுப்பாய்வுக் கருவி தரும் மதிப்பெண்ணை மட்டும் துரத்தாதீர்கள். பிரைவேட்டிவைசஸ் என்ற கட்டுப்பாடு உண்மையான சாதனக் கோப்புகளையே சேவையின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். புரொடெக்ட்கெர்னல்டியூனபிள்ஸ் என்ற கட்டுப்பாடு, கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையைப் படிக்க மட்டுமே அனுமதிப்பதால், மின்விசிறியின் வேகத்தை எழுதும் சேவை தோற்றுப்போகும். இவை உடனே பிழை காட்டுவதால் அவ்வளவு ஆபத்தில்லை. ஆபத்தானது, சேவையை வலையமைப்பிலிருந்து பிரிக்கும் பிரைவேட்நெட்வொர்க். அட்டை வாசிப்பான் ஒன்றுக்கான சேவையில் நான் அதைச் சேர்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. சேவை தொடங்கியது, மேசையில் செருகியிருந்த வாசிப்பானும் பட்டியலில் வந்தது. அதைக் கழற்றி மறுபடி செருகியபோதுதான் சேவை அசையாமல் இருப்பதைக் கண்டேன், பதிவேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. யூடெவ் தன் அறிவிப்புகளை நெட்லிங்க் சாக்கெட் வழியாக அனுப்புகிறது. சேவையைத் தனி வலையமைப்பு வெளிக்குள் அடைத்தால் அந்த அறிவிப்புகள் அங்கே வந்து சேர்வதே இல்லை. தொடக்கத்தில் சாதனங்களைச் சிஸ் கோப்பு முறைமையில் தேடிக் கண்டுகொள்வதால், முதல் சோதனையில் இந்தக் குறை வெளியே தெரியாது. அன்று முதல், எந்தக் கட்டுப்பாட்டைச் சேர்த்தாலும் சாதனத்தைக் கழற்றிச் செருகிப் பார்க்காமல் நான் திருத்தத்தை அனுப்புவதில்லை.

எல்லாவற்றையும் அமைவில் எழுதி அறிவிக்கும் முறையின் எல்லையை மிக நன்றாகக் காட்டுவது மின்விசிறி அமைவு. வெப்ப உணரிகளுக்குக் கெர்னல் தரும் எச்டபிள்யூமான் எண்கள் நிலையானவை அல்ல. இன்று 2 ஆக இருப்பது கெர்னல் மாறியதும் 3 ஆகலாம். விசிறி வேகத்தை ஆளும் ஃபேன்கன்ட்ரோல் நிரல், அமைவில் பதிந்துள்ள சாதனப் பெயரும் பாதையும் நிகழ்நிலையோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, பொருந்தாவிட்டால் தொடங்க மறுக்கும். அந்த மறுப்பைத் தவிர்க்க வழி தேடாதீர்கள், தவறான விசிறியை நிறுத்துவதைவிடச் சேவை தோற்பது எவ்வளவோ மேல். உங்கள் மாட்யூலின் விளக்கத்தில் இந்த எண்களின் நிலையின்மையைக் குறிப்பிட்டு, சேவை அனுமதிக்கும் இடங்களில் எண்ணுக்குப் பதிலாகச் சாதனத்தின் பெயரைக் கொண்டு தேடும் வழியைக் காட்டுங்கள்.

விருப்பங்களின் பெயரை மாற்றுவது குறித்துச் சுருக்கமாகச் சொன்னால், பழைய பெயரை ஒருபோதும் சத்தமின்றி நீக்கக் கூடாது. 24.11 வெளியீட்டில் ஹார்ட்வேர்.ஓப்பன்ஜிஎல் என்பது ஹார்ட்வேர்.கிராஃபிக்ஸ் ஆனபோது, பெயர்மாற்ற உதவிச் செயல்கூறு பழைய அமைவுகளைப் புதிய பெயருக்குக் கொண்டுசென்று எச்சரிக்கையும் காட்டியது. நீங்களும் எம்கேரீநேம்ட்ஆப்ஷன்மாட்யூலைப் பயன்படுத்துங்கள். முழுவதும் நீக்கப்படும் விருப்பத்துக்கு எம்கேரிமூவ்ட்ஆப்ஷன்மாட்யூலைப் பயன்படுத்தி, பயனர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள்.

ஒரே வன்பொருளுக்கு இரண்டு சேவைகள் போட்டியிடும் இடங்களில் உறுதிக்கூற்று (மீறினால் பிழை காட்டி நிறுத்தும் நிபந்தனை) எழுதுவது கட்டாயம். டிஎல்பி, பவர் புரொஃபைல்ஸ் டீமன் ஆகிய இரண்டும் ஒரே மின்சிக்கன அமைப்புகளை மாற்றுபவை என்பதால், இரண்டையும் இயக்கினால் கட்டும் பணியே நிற்கும்படி மாட்யூலில் எழுதப்பட்டிருக்கிறது. க்னோம் பணிமேசைச் சூழல் இரண்டாவதைத் தானாகவே இயக்குகிறது. எனவே டிஎல்பியை மட்டும் விரும்பியவரும் இந்தப் பிழையைச் சந்திப்பார். க்னோம் அதை எம்கேடிஃபால்ட் என்ற தாழ்ந்த முன்னுரிமையுடன் இயக்குவதால், பயனர் தம் அமைவில் ஒரே வரியில் அதை அணைத்துவிட முடிகிறது. உங்கள் மாட்யூலும் இன்னொரு சேவையை இயக்க நேர்ந்தால் இதே முறையைக் கைக்கொள்ளுங்கள்.

சோதனைகளைப் பொறுத்தவரை, வன்பொருள் இல்லாமல் எதையும் சோதிக்க முடியாது என்று கைவிட வேண்டியதில்லை. நிக்ஸ்ஓஎஸ்-இன் சோதனைக் கட்டமைப்பு கியூஎம்யூ மெய்நிகர் கணினியை இயக்கி, பைத்தானில் எழுதிய படிகளை அதில் நடத்துகிறது. விசைப்பலகைச் சேவைக்கு விசையழுத்தங்களை அனுப்பலாம், டிபிஎம் பாதுகாப்புச் சில்லை எமுலேட் செய்யலாம், வைஃபைக்குப் போலி வைஃபை சாதனங்களை உருவாக்கும் கெர்னலின் மேக்80211 எச்டபிள்யூசிம் மாட்யூலைப் பயன்படுத்தலாம். இவையொன்றும் பொருந்தாத சாதனமானால், சேவை சாதனம் இல்லாத நிலையில் நொறுங்காமல் காத்திருக்கிறதா என்பதையாவது சோதியுங்கள். அந்தச் சோதனையைப் பேக்கேஜின் கூடுதல் தகவல்களை வைக்கும் பாஸ்த்ரு பகுதியிலும் இணைத்துவிட்டால், பதிப்பை உயர்த்துபவர் அதை எளிதில் கண்டு ஓட்டிப் பார்ப்பார்.

கடைசியாக, பின்னோக்கித் திரும்பும் வசதியைப் பற்றி. அமைவை மாற்றும் ஒவ்வொரு முறையும் நிக்ஸ்ஓஎஸ் சேமிக்கும் இயங்குதள நிலையே தலைமுறை. முந்தைய தலைமுறைக்குத் திரும்பினால் மென்பொருளும் அமைவும் திரும்பும். ஆனால் எஃப்டபிள்யூஅப்டி கருவி வழியாகச் சாதனத்தில் எழுதப்பட்ட ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள் மென்பொருள்) திரும்பாது. புளூடூத் இணைப்புச் சாவிகள், சேவைகள் தம் தரவை வைக்கும் வார் அடைவில் இருப்பதால் அவையும் தலைமுறையோடு மாறுவதில்லை. உங்கள் சேவை சாதனத்திலோ வார் அடைவிலோ எதையேனும் எழுதுமானால், எதை எழுதுகிறது, எங்கே எழுதுகிறது, அதைக் கையால் மீட்பது எப்படி என்பதை எனேபிள் விருப்பத்தின் விளக்கத்திலேயே எழுதிவையுங்கள், ஏனெனில் பயனர் சேவையை இயக்குவதற்கு முன் படிக்க வாய்ப்புள்ள இடம் அதுவே.