நகரத்துச் சூழல் சட்டத்தை வடிகால் ஓரத்திலிருந்து படிப்பது எப்படி

நகரமும் சுற்றுச்சூழல் சட்டமும் பற்றி ஆய்வு எழுத வரும் மாணவர்களிடம், முதல் வாரம் சட்டப் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று சொல்வேன். மழை விட்ட கையோடு ஏதாவது ஒரு தெருமுனை வடிகால் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நானும் அப்படி ஒருநாள் நின்றேன். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். டயர் தேய்ந்த கருந்தூள், கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து வெள்ளையாக வழியும் சிமெண்ட் நீர், சோப்பு நுரை. எல்லாம் ஒரே கம்பித் தட்டு வழியாக இறங்கின. 'மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டைப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே நின்றபோது யார் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலை இதுதான்: வடிகாலுக்குள் வருவது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும், அந்த இடத்தை ஆளும் விதி எது என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது சுற்றுச்சூழல் சட்டமாக இருக்காது.

காரணம், நம் கோட்பாடு கழிவை வெளியேற்றும் ஒற்றைக் குழாயை மனதில் வைத்து வளர்ந்தது. அமெரிக்காவின் 1972 தூய நீர்ச் சட்டம் குழாய் வாயில் நின்று அனுமதி கேட்டது. நகராட்சி மழைநீர் வடிகால்களுக்குத் தெளிவான அனுமதி முறை 1987 திருத்தத்தில்தான் வந்தது.

அடுத்து, இரண்டு அலமாரிகளை ஒன்றாக்குங்கள். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று ஊரைப் பிரிக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-ல் யூக்லிட் என்ற ஊரின் வழக்கில் ஏற்றது. அதை நகரத் திட்டமிடல் வகுப்பில் படிப்போம், சூழல் வகுப்பில் விட்டுவிடுவோம். இது பெரிய தவறு. வீடு எங்கே, வேலை எங்கே, சாலை எவ்வளவு அகலம் என்பதில்தான் ஊரின் காற்று பாதி முடிவாகிவிடுகிறது. புதுக் கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், என் கணக்கில் அது புகையைப் பற்றிய சட்டம். அதை அப்படியே படியுங்கள்.

சரி, சட்டம் நகரத்தை நேராகப் பார்த்த இடம் இருக்கிறதா? இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். 1952 டிசம்பர் புகைமூட்டம் லண்டனில் ஆயிரக்கணக்கானோர் உயிரைக் குடித்தது. 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டம், பகுதி பகுதியாகப் புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் அறிவிக்க வழி செய்தது. வீட்டுக் கணப்பு வரைக்கும் சட்டம் உள்ளே போனது. அடுப்பை மாற்ற வீட்டுக்காரருக்குப் பொதுப் பணத்திலிருந்து உதவியும் கிடைத்தது. கவனியுங்கள்: இங்கே மாசுபடுத்தியவரின் செலவைப் பொதுமக்களும் பகிர்ந்துகொண்டார்கள். இலட்சம் சின்னக் கைகள் சேர்ந்து செய்யும் கேட்டுக்கு நம் பழைய கோட்பாடு தனியாகப் போதாது என்று நான் சொல்வதற்கு இதுவே வலுவான சான்று. நியூயார்க் 2019-ல் இன்னொரு வழி எடுத்தது. பொதுவாக 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு, கட்டடம் கட்டடமாக உமிழ்வு வரம்பு வைத்தது.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். ஊர் முழுக்க எடுத்த சராசரி அளவு, சாலை ஓரத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு எதையும் சொல்லாது. குழந்தையின் மூக்கு வண்டிகளின் புகைக் குழாய்க்குப் பக்கத்து உயரத்தில் இருக்கிறது. உங்கள் தாளில் அந்த உயரத்தையும் குறியுங்கள். அந்தப் பகுதியைச் சுத்தம் செய்த பிறகு வாடகை ஏறி அங்கிருந்து போக வேண்டியவர் யார் என்பதையும் குறியுங்கள்.

இவ்வளவும் ஆன பின் கோட்பாட்டைத் திறக்கலாம். தகவல், பங்கேற்பு, நீதி அணுகல் என்று சுற்றுச்சூழல் விஷயத்தில் மக்களின் உரிமைகளைப் பற்றிய 1998 ஆர்ஹஸ் பன்னாட்டு உடன்படிக்கை சொல்லும் மூன்றையும் உங்கள் தெருமுனையில் வைத்துக் கேளுங்கள்: அந்த வடிகாலைப் பற்றிய கோப்பு எங்கே, அதை யார் பார்க்கலாம், யார் வழக்குப் போடலாம்? பதில் கிடைக்காத கேள்விதான் உங்கள் ஆய்வின் தலைப்பு. வரைந்த தாளை முதல் பக்கத்தில் ஒட்டி, மழை நின்ற நேரத்தை ஓரத்தில் எழுதுங்கள்.