ஜெல் பாலிஷ் பிராண்ட் தேர்வு: நெயில் ஆர்ட்டிஸ்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெயில் ஆர்ட் கோர்ஸ் முடித்த கையோடு பலரும் முதலில் செய்வது, ஆன்லைனில் அறுபது ஷேட் கொண்ட ஒரு ஜெல் பாலிஷ் செட்டை ஆர்டர் போடுவதுதான். மொத்த விலையை வகுத்துப் பார்த்தால் பாட்டில் கொள்ளை மலிவாகத் தெரியும். ஆனால் ஓராண்டாவது தொழில் செய்தவர்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேய்ந்து, லேபிள் மங்கி இருப்பவை பத்துப் பன்னிரண்டு பாட்டில்களாகத்தான் இருக்கும். மற்றவை திறக்கப்படாமலே காலாவதியாகும்.

பிராண்ட் தேர்வில் பணத்தை மட்டும் வீணாக்கும் தவறுகள் உண்டு. கையையே கெடுத்துத் தொழிலை விட்டுப் போகவைக்கும் தவறுகளும் உண்டு. இரண்டாவது வகையைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே குறைவு. அதனால் அதைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

பாட்டிலை வாங்கிவிட்டு லேம்பை மறப்பது

சாதாரண நெயில் பாலிஷ் காற்றில் காய்கிறது. அதில் உள்ள கரைப்பான் ஆவியாகிவிடும், நிறம் தங்கிவிடும். ஜெல் பாலிஷ் அப்படிக் காய்வதில்லை. அதில் அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. கூடவே ஒளியைப் பிடித்து வேதிவினையைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருளும் இருக்கிறது. லேம்ப் வெளிச்சம் பட்டதும் அந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகின்றன. இதைத்தான் க்யூர் ஆவது என்கிறோம்.

எந்த அலைநீளத்தில், எவ்வளவு வலுவான வெளிச்சம், எத்தனை விநாடி என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும். இன்று கிடைக்கும் பெரும்பாலான எல்.இ.டி. லேம்புகள் 365, 405 நானோமீட்டர் ஆகிய இரண்டையும் ஒட்டி வெளிச்சம் தருபவை. பழைய யு.வி. லேம்பில் 9 வாட் குழல் விளக்குகள் நான்கு இருக்கும், ஒரு கோட்டுக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். சி.என்.டி. நிறுவனம் 2010-ல் ஷெல்லாக் என்ற ஜெல் பாலிஷைக் கொண்டுவந்தபோது அதற்கென்றே ஒரு லேம்பையும் சேர்த்து விற்றது. பேஸ் கோட், கலர், டாப் கோட், லேம்ப் நான்கையும் ஒன்றாக வைத்துப் பரிசோதித்த பிறகுதான் எத்தனை விநாடி என்று ஒரு நிறுவனம் எழுதித் தர முடியும். ஒரு பிராண்டின் பேஸ், இன்னொன்றின் கலர், சந்தையில் கிடைத்த ஏதோ ஒரு லேம்ப் என்று கலந்தால் பாட்டிலில் எழுதியிருக்கும் அந்த விநாடிக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

இங்கே எல்லோரும் ஏமாறும் ஓர் இடம், லேம்பின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட். 48, 120 என்று எண் கூடக்கூட நல்ல லேம்ப் என்று நினைக்கிறோம். வாட் என்பது கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அது சொல்லாது. பல்புகள் எந்த இடைவெளியில் இருக்கின்றன, கட்டை விரலுக்கு நேராகப் பல்பு இருக்கிறதா, உள்ளே பாலிஷ் தெறித்து அழுக்கேறியிருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. பட்ஜெட் குறைவாக இருந்தால் ஷேட்களைக் குறைத்துக்கொண்டு, எடுக்கப்போகும் பிராண்ட் பரிந்துரைக்கும் லேம்பையே முதலில் வாங்குங்கள்.

சரியாக க்யூர் ஆகாத ஜெல் வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஜெல்லின் மேற்பரப்பு கெட்டியாகி, அடியில் பச்சையாகவே இருக்கலாம். கறுப்பு, வெள்ளை, நியான் நிறங்களில் இது அதிகம் நடக்கும், நிறமிகளே வெளிச்சத்தை உள்ளே விடாமல் மறித்துவிடும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டில் வழக்கமான கனத்தில் ஒரு கோட் போட்டு, சொன்ன நேரம் லேம்பில் வையுங்கள். பிறகு உரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்போ சுருக்கமோ இருந்தால் அந்த ஷேட்டும் உங்கள் லேம்பும் ஒத்துப்போகவில்லை. புதிதாக வாங்கும் ஒவ்வொரு அடர்நிறத்துக்கும் இதைச் செய்யலாம், ஐந்து நிமிட வேலைதான்.

அலர்ஜியை அலட்சியம் செய்வது

பச்சையாக நிற்கும் ஜெல் அழகுக் குறை மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. க்யூர் ஆகாத மெத்தாக்ரிலேட் தோலில் திரும்பத் திரும்பப் படும்போது உடல் ஒரு கட்டத்தில் அதற்கு எதிராகத் திரும்பிவிடலாம். நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, விரல்நுனியில் சின்னச் சின்னக் கொப்புளம், நகம் சதையை விட்டு எழும்புவது என்று தொடங்கும். கை பட்ட கண் இமையிலும் தடிப்பு வரும். ஒருமுறை இந்த அலர்ஜி வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. அதோடு நிற்காமல் பல் அடைக்கும் பொருள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமென்ட் போன்றவற்றிலும் இதே குடும்ப வேதிப்பொருள்கள் இருப்பதால், பிற்காலத்தில் மருத்துவமனையிலும் சிக்கல் வரலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. கிளையன்ட் மாதம் ஒருமுறை வருகிறார், நாம் தினமும் தொடுகிறோம். முதல் பலி நம் விரல்கள்தான்.

இதில் அடிக்கடி அடிபடும் பெயர் ஹெமா (HEMA). மெத்தாக்ரிலேட் வகையில் மிகச் சிறிய மூலக்கூறுகளில் இதுவும் ஒன்று, நகத்தில் நன்றாக ஒட்டவைக்கும், தோலுக்குள்ளும் எளிதில் புகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹெமா கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறை ஆட்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், அலர்ஜி எச்சரிக்கையை லேபிளில் போட வேண்டும் என்றும் விதித்தது. அதன்பின் 'ஹெமா ஃப்ரீ' என்று அச்சிட்ட பாட்டில்கள் சந்தையில் குவிந்துவிட்டன. அவற்றை வாங்குவது நல்லதுதான். ஆனால் ஹெமாவை எடுத்துவிட்டு அதன் நெருங்கிய உறவான இன்னொரு மெத்தாக்ரிலேட்டைச் சேர்த்திருக்கலாம். ஏற்கெனவே அலர்ஜி உள்ளவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே 'ஹெமா ஃப்ரீ, தோலில் பட்டாலும் பரவாயில்லை' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தோலில் படாத ஜெல்தான் பாதுகாப்பான ஜெல்.

ஐந்து, பத்து வேதிப்பொருள்கள் இல்லை என்று சொல்லும் 'ஃபைவ் ஃப்ரீ', 'டென் ஃப்ரீ' முத்திரைகளும் அப்படித்தான். டொலுயீன், ஃபார்மால்டிஹைட் போன்றவை சாதாரண பாலிஷைப் பற்றிய கவலைகள். ஜெல்லில் நாம் பயப்பட வேண்டியது வேறு. அந்த முத்திரை இருப்பதால் மட்டும் ஒரு ஜெல் பிராண்டுக்கு மதிப்பெண் கூடாது.

அப்புறம் டி.பி.ஓ. (லேபிளில் Trimethylbenzoyl Diphenylphosphine Oxide). இது மேலே சொன்ன, வெளிச்சத்தைப் பிடிக்கும் பொருள்களில் ஒன்று, வெகுகாலமாக ஏராளமான பிராண்டுகளில் இருந்தது. விலங்கு ஆய்வுகளின் அடிப்படையில் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களில் தடை செய்யப்பட்டது. பெரிய பிராண்டுகள் ஃபார்முலாவை மாற்றின. அங்கே விற்க முடியாத பழைய சரக்கு உலகின் மற்ற இடங்களில் தள்ளுபடி விலைக்கு வரலாம் என்பதை யோசித்துப் பாருங்கள். பெயர் தெரிந்த பிராண்ட் ஒன்று திடீரென்று பாதி விலைக்குக் கிடைத்தால் பொருள் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். டி.பி.ஓ.-எல் என்று இருந்தால் அது வேறு பொருள், இந்தத் தடையில் வரவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையுறை போடுகிறோமே என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். மெல்லிய நைட்ரில் கையுறையைக்கூட மெத்தாக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையுறை அவசியம், ஆனால் ஜெல் பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

லேபிளைப் படிக்காமல் வாங்குவது

இந்தியாவில் தொழில் செய்பவர்களுக்கு லேபிளே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். 2020-ம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி வெளிநாட்டிலிருந்து வரும் அழகுப் பொருளுக்கு இங்கே பதிவுச் சான்று தேவை. பாட்டிலிலோ பெட்டியிலோ அந்தப் பதிவு எண், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். உள்நாட்டில் தயாரித்ததில் உரிம எண் இருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லாமல், வெறும் ஷேட் எண் மட்டும் ஒட்டிய பாட்டிலைத் தொழிலுக்கு வாங்கவே வாங்காதீர்கள். கிளையன்ட்டுக்கு ஏதாவது ஆகி, தோல் மருத்துவர் 'என்ன போட்டீர்கள்' என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

ஓ.பி.ஐ. போன்ற பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலிகளும் உண்டு. ஆகவே விநியோகஸ்தர் யார் என்று நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்த்து, பில்லோடு வாங்குவது நல்லது. பொருளில் உள்ள வேதிப்பொருள்களையும் ஆபத்துகளையும் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்றை ஒழுங்கான நிறுவனங்கள் கேட்டால் தரும். 'அதெல்லாம் எதுக்கு மேடம்' என்று இழுக்கும் கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

விலையை ஒப்பிடும்போது பாட்டிலுக்குப் பாட்டில் ஒப்பிடுவது இன்னொரு பிழை. ஷெல்லாக் பாட்டில் 7.3 மி.லி., ஓ.பி.ஐ. ஜெல்கலரும் ஜெலிஷும் 15 மி.லி. மலிவு செட்களில் 8 மி.லி.யோ அதற்கும் குறைவாகவோ வரும். மி.லி. கணக்கில் பாருங்கள். ஒரு கோட்டில் நிறம் மூடுகிறதா, மூன்று கோட் கேட்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர் கைகளை மறந்துவிடுவது

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து பிராண்ட் முடிவு செய்பவர்கள் கவனிக்காதது மஞ்சள். நாம் கையால் சாப்பிடுகிறோம், சமைக்கிறோம். வெள்ளை ஃப்ரெஞ்ச், பால் நிறம், வெளிர் பிங்க் எல்லாம் இரண்டாம் நாளே சாம்பார் நிறத்துக்கு வந்துவிட்டால் கிளையன்ட் பிராண்டைத் திட்ட மாட்டார், நம்மைத்தான் திட்டுவார். டாப் கோட்டுக்கு டாப் கோட் இதில் வித்தியாசம் உண்டு. பளபளப்பில்லாத மேட் டாப் கோட்கள் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் கறையை அதிகம் பிடிக்கும். வாங்கும் முன் சாம்பிள் கேளுங்கள். பிளாஸ்டிக் நகத்தில் வெள்ளை அடித்து, டாப் கோட் போட்டு, எண்ணெயும் மஞ்சள்தூளும் கலந்த தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள். காலையில் துடைத்தால் எது தேறும் என்று தெரிந்துவிடும். மஞ்சளின் நிறம் வெயிலில் மெல்ல மங்கக்கூடியது என்பதையும் கிளையன்ட்டிடம் சொல்லி அனுப்பலாம்.

கல்யாண வேலை எடுப்பவர்களுக்கு மருதாணி இன்னொரு சோதனை. மெஹந்திக்கு முன்னும் பின்னும் தடவும் எண்ணெய் நகத்திலும் நகக்கண்ணிலும் தங்கிவிடும். அதன் மேல் எந்த விலையுயர்ந்த பேஸ் கோட்டைப் போட்டாலும் ஓரத்திலிருந்து எழும்பும். பிராண்டைக் குறை சொல்லும் முன் எண்ணெய் போகத் துடைத்தோமா என்று பார்க்க வேண்டும்.

வெயிலும் உண்டு. ஸ்கூட்டி பெட்டியிலோ காருக்குள்ளோ மே மாதத்தில் வைத்த பேஸ் கோட் தண்ணீராக இளகி, நகத்திலிருந்து வழிந்து தோலில் ஏறும். ஜெல் ஓரத்திலிருந்து எழும்பும் லிஃப்டிங்கும் அதனால்தான், அலர்ஜியும் அந்த வழியில்தான் வருகிறது. வீடு வீடாகப் போய் வேலை செய்பவர்கள் கொஞ்சம் கெட்டியான பதத்தில் வரும் பேஸைத் தேர்ந்தெடுப்பதும், பையில் வெப்பம் தாங்கும் உறை வைத்துக்கொள்வதும் நல்லது.

நியூட் நிறங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல பிராண்டுகளின் 'நியூட்' வரிசை வெள்ளைத் தோலுக்காக எடுத்தது. நம் மாநிறக் கையிலும் கறுப்புக் கையிலும் அவை சாம்பல் பூத்ததுபோல் தெரியும். கேரமல், டெரகோட்டா, சிவப்பு கலந்த பழுப்பு என்று ஆழமான நியூட்கள் எத்தனை இருக்கின்றன என்பதை வைத்தே ஒரு பிராண்டை எடை போடலாம் என்பது என் கருத்து. கறுப்பான கைகளோடு வரும் பெண் 'எனக்கு எதுவும் செட் ஆகாது' என்று சொல்லிக்கொண்டே உட்காருவது அவள் கையின் குறை கிடையாது, நம் பெட்டியில் அவளுக்கான நிறத்தை நாம் வைத்திருக்கவில்லை.

கழற்றுவதை யோசிக்காமல் வாங்குவது

பேஸ், நகத்துக்குக் கனமும் நீளமும் தரும் பில்டர் ஜெல் ஆகியவற்றை வாங்கும்போது அது அசிட்டோனில் ஊறிக் கழன்று வருமா, ராவித்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஊறும் வகை என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளக வேண்டும். அரை மணி ஊறவைத்தும் சுரண்ட வேண்டியிருந்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த முறை எந்த ஜெல்லும் அதில் நிற்காது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதுதான். ஒரே பிராண்டில் பேஸ், டாப், லேம்ப். அதோடு சிவப்பு இரண்டு, மெரூன் ஒன்று, ஆழமான நியூட் மூன்று, பால் வெள்ளை, கறுப்பு, ஒரு கிளிட்டர், கிளையன்ட்கள் கேட்டதில் இரண்டு மூன்று. முதலில் உங்கள் தோழி அல்லது தங்கை கையில் போட்டு, பாத்திரம் கழுவி, துணி துவைத்து இரண்டு வாரம் ஓடட்டும். எந்த விரலில், எந்த ஓரத்தில், எத்தனையாவது நாள் எழும்பியது என்று பேட்ச் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது பிராண்டை வாங்கத் தோன்றும்போது அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எது குறை என்று தெரிந்த பிறகு அந்தக் குறைக்கு மட்டும் வாங்குங்கள்.