வீட்ல சாம்பிராணி போடுறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

குத்துவிளக்குன்னா எல்லாருமே கொஞ்சம் உஷாராத்தான் இருப்போம், ஏன்னா சுடர் கண்ணு முன்னாடி ஆடிட்டு இருக்கு. சாம்பிராணி ஊதுபத்தி விஷயத்துல அந்த பயமே இல்ல. சுடர் அணைஞ்சு புகை வர ஆரம்பிச்சதும், நெருப்பு அணைஞ்ச மாதிரி நினைச்சுட்டு சீரியல் பாக்க போயிடுறோம், ஆனா உள்ள கங்கு கனன்னுட்டே இருக்கு, தப்பெல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது.

இப்ப எல்லா வீட்லயும் கப் சாம்பிராணியும் கம்ப்யூட்டர் சாம்பிராணியும்தான். ரெண்டுலயும் கரித்தூள் இருக்கு, அடிவரைக்கும் கனன்னு இறங்கும். அத பிளாஸ்டிக் தட்டுலயோ மர ஷெல்ஃப்லயோ நேரா வைக்காதீங்க. எவர்சில்வர் தட்டுல வச்சா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல, தட்டு சூடேறி கீழ இருக்க மைக்கா பொசுங்கிடும். மண் தூபக்கால்ல கொஞ்சம் மணல் போட்டு அதுக்கு மேல வைங்க.

ஊதுபத்திய சாமி படத்துக்கு பின்னாடி இருக்க சந்துல சொருகுவாங்க பாருங்க, அத பாத்தாலே எனக்கு பதறும். மேல காஞ்ச மாலை, பக்கத்துல காலண்டர், கூட சீரியல் லைட் ஒயர், இதுல ஃபேனும் ஓடுது. வாழைப்பழத்துல குத்தி வைக்கிறத கிண்டல் பண்றாங்க, ஆனா ஈரமா இருக்கறதால அது எவ்வளவோ தேவலாம், சாம்பல் விழ கீழ ஒரு தட்டு இருந்தா சரி.

கரி சீக்கிரம் பிடிக்கணும்னு மண்ணெண்ணெய், சானிடைசர் ஊத்துறது ரொம்ப ஆபத்து. கரில ஏற்கனவே கங்கு இருந்தா தீ குப்பென்னு கைல இருக்க பாட்டில் வரைக்கும் ஏறிடும். தேங்கா நாரு கொஞ்சம் போட்டு ஒரு துண்டு கற்பூரம் வச்சா தானா பிடிச்சுக்கும், அதையும் பால்கனிலயோ வாசல்லயோ பண்ணுங்க. கற்பூர டப்பாவ மட்டும் பசங்க கைக்கு எட்டாம வைங்க, மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டா வலிப்பே வரலாம்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன். குழந்தைக்கு தலைக்கு ஊத்துன உடனே சாம்பிராணி புகை காட்டுறது. குழந்தைங்க நம்மள விட வேகமா மூச்சு விடுவாங்க, மூச்சுக்குழாயும் ரொம்ப சின்னது, அதனால டாக்டருங்க வேணாம்னுதான் சொல்றாங்க. "நாங்கல்லாம் உங்கள அப்படித்தான வளத்தோம்"னு பெரியவங்க கேப்பாங்க, கேக்கத்தான் செய்வாங்க. அப்ப ஓட்டு வீடு, நடுவுல முற்றம், புகை மேல போயிடும். இப்ப 2 பெட்ரூம் ஃப்ளாட்டு, கொசு வருதுன்னு ஜன்னல சாத்தி ஏசியும் போட்டாச்சு, புகை எங்க போகும்? மெல்லிசு துணியால தலைய நல்லா துவட்டுனாலே ஈரம் போயிடும், புகை தேவையே இல்ல. வீட்ல ஆஸ்துமா, வீசிங் இருக்கவங்களுக்கும் இதேதான்.

மூடுன ரூம்ல கரி எரிஞ்சா இன்னொன்னும் வரும், கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். மலை ஊர்ல குளிருக்கு கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டு தூங்குனவங்க எழுந்திரிக்கவே இல்லன்னு நியூஸ்ல வரும்ல, காரணம் இதுதான். ஒரு கப் சாம்பிராணிக்கு அவ்வளவு ஆகாது, ஆனா தூபக்கால் நிறைய கரிய பெட்ரூம்ல வச்சுட்டு படுக்காதீங்க, தலைவலி, மயக்கம் வர மாதிரி இருந்தா உடனே எல்லாரும் வெளிய வந்துடுங்க.

தலைமுடிக்கு புகை போடுறவங்க நைலான் நைட்டியோட குனியாதீங்க, டக்குனு பத்திக்கும், ஒடம்புலயும் ஒட்டிக்கும்.

முடிஞ்சதும் சாம்பல அப்படியே குப்பை கவர்ல கொட்டக்கூடாது. மேல வெள்ளையா ஆறுன மாதிரி இருக்கும், உள்ள கங்கு ரொம்ப நேரம் உயிரோட கிடக்கும். சூடா இருக்க மண் தூபக்கால்ல தண்ணி ஊத்துனா விரிசல் விடும், அதனால மணல் போட்டு மூடி காலைல வரைக்கும் விட்டுட்டு அப்புறம் கொட்டுங்க.

கைல பட்டுடுச்சுன்னா பேஸ்ட், இங்க், மாவுன்னு எதையும் தடவாதீங்க, குழாயத் திறந்து 20 நிமிஷம் தண்ணில காட்டுங்க, கொப்புளம் பெருசா வந்தா உடைக்காம டாக்டர்ட்ட போங்க.