இம்ப்ரோவ் பயிற்சிக்குத் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடையில் ஒருமுறை வாயடைத்துப் போனவர்கள், பயிற்சியாளர் எல்லோர் முன்பும் கடிந்துகொண்டதில் சுருங்கிப்போனவர்கள் என, மேடையில் அந்தந்த நொடியிலேயே வசனமும் கதையும் கண்டுபிடித்து ஆடும் இம்ப்ரோவ் காமெடியை விட்டுப் போனவர்கள் நிறைய. திரும்பி வர நினைக்கும்போது அவர்கள் செய்யும் முதல் தவறு, “தைரியம் வரட்டும், அப்புறம் சேரலாம்” என்று தள்ளிப்போடுவது. எழுதிவைத்த வசனமே இல்லாத கலை இது. வீட்டில் தனியாக ஒத்திகை பார்த்துத் தைரியம் சேர்க்க வழியில்லை. எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

விட்ட இடத்திலேயே தொடங்குவதும் தவறு. ஹேரல்ட் போன்ற, பல சீன்கள் தொடர்ந்து வரும் நீண்ட இம்ப்ரோவ் வடிவத்தில் முன்பு வந்த சீன்களையெல்லாம் நினைவில் வைத்துப் பின்னால் கோக்க வேண்டும். பயத்தோடு வருபவருக்கு அது பெரிய பாரம். ஆரம்பநிலை வகுப்பில் உட்கார்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்தக் கலையின் வேரே எளிய விளையாட்டுகள்தான். 1920களில் சிகாகோவில் நெவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்ற வயோலா ஸ்போலின் பிறகு நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். 1959இல் அவர் மகன் பால் சில்ஸ் நண்பர்களோடு தொடங்கிய செகண்ட் சிட்டி என்ற சிகாகோ காமெடி அரங்கு அந்த விளையாட்டுகளில் வளர்ந்ததுதான். எதிரில் இருப்பவரின் அசைவைக் கண்ணாடிபோல அப்படியே செய்யும் பயிற்சியைப் பாருங்கள். கவனம் முழுக்க அவர் கைவிரலில் இருக்கும்போது, நாம் எப்படித் தெரிகிறோம் என்று கவலைப்பட நேரம் கிடைப்பதில்லை. பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் காத்திருக்கும் மனம்தான் நடிகரைக் கட்டிப்போடுகிறது என்று ஸ்போலின் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பார்ட்னர் சொல்வதை ‘ஆமாம்’ என்று ஏற்று, அதோடு நம் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பது இம்ப்ரோவின் அடிப்படை விதி. இதில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்று: பயத்தில் சொல்லும் ‘ஆமாம்’. பார்ட்னர் வந்து, “டாக்டர், என் நாய் மூணு நாளா பேசுது” என்கிறார். தயங்கி நிற்பவர், “அப்படியா? என்ன பேசுது?” என்று கேட்பார். பார்க்க ஒத்துழைப்பு மாதிரி இருக்கும். ஆனால் அடுத்ததையும் பார்ட்னரே கண்டுபிடிக்க வேண்டும். “நான் போட்ட ஊசிதான் காரணம். வெளியே யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று சொல்லிப் பாருங்கள். டாக்டருக்கு ஒரு குற்ற உணர்வு, இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம், சீனுக்கு ஒரு திசை எல்லாம் வந்துவிட்டது.

இதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. டாக்டர் என்றதும் ஊசி ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரிலும் பிறகு கனடாவின் கால்கரியிலும் இம்ப்ரோவ் சொல்லிக்கொடுத்த கீத் ஜான்ஸ்டோன், முதலில் தோன்றும் சாதாரண விஷயத்தைச் சொல்லுங்கள் என்றே வலியுறுத்தினார். புதுமையாகச் சொல்லத் தேடும் அந்த நொடிகளில் பார்ட்னர் சொன்னது காதில் விழாது. சிரிக்க வைத்தே ஆக வேண்டும் என்று ஓரத்தில் நின்றபடி வசனம் தயாரிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

சீன் முடிந்ததும் “ஸாரி, சொதப்பிட்டேன்” என்று சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த சீனை ரசித்து ஆடிய பார்ட்னருக்கு அது வருத்தம்.

கடைசியாக ஒன்று. உங்களை அவமானப்படுத்திய பயிற்சியாளரிடமே போய் நிரூபித்துக்காட்ட வேண்டாம். ‘ஆமாம்’ என்ற விதி சீனில் வரும் பாத்திரத்துக்கு, உங்களுக்கு அல்ல. புது இடத்தில் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு சீன் தடுமாறும்போது அங்குள்ள பயிற்சியாளர் எப்படிக் குறுக்கிடுகிறார், அதற்குப் பிறகு அந்த மாணவர் தானாக எழுந்து வருகிறாரா என்று கவனியுங்கள்.