பவுண்டரித் தூசிக்கும் வாடைக்கும் நான்-வோவன் துணி: முதல்முறை தேர்ந்தெடுப்பவர்களுக்கு

தூசியையும் வாடையையும் ஒரே துணியில் முடித்துவிடலாமா என்பதுதான் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது. முடியாது. தூசி என்பது துகள், துணி அதைத் தடுத்து நிறுத்தும். வாடை என்பது வாயு, எவ்வளவு அடர்ந்த ஃபெல்ட்டாக (நார்களை அழுத்திப் பிணைத்த தடித்த துணி) இருந்தாலும் அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். அதைப் பிடிக்கக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்குக் கோவைப் பக்கம் நிறைய இருக்கும் நடுத்தர பவுண்டரி (உலோக வார்ப்பாலை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். பம்பு உறுப்புகள் வார்க்கிறார்கள். வார்ப்பிலிருந்து மண்ணை உதிர்க்கும் ஷேக்-அவுட்டில் மண் தூசி பறக்கிறது. ஷெல் கோர் (வார்ப்பின் உள்துவாரத்துக்கான மணல் அச்சு) அடிக்கும் அறையில் கண் எரிகிற வாடை. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

படி 1: துணிக்கு முன்னால் காற்றை அளந்துகொள்ளுங்கள்

கேட்லாக்கை மூடிவையுங்கள். முதலில் டக்ட்டில் (காற்றுக் குழாயில்) ஓடும் காற்றின் வேகம் தெரிய வேண்டும். பிட்டாட் குழாய் வைத்து அளக்கலாம். 400 மி.மீ. விட்டமுள்ள டக்ட்டில் வினாடிக்கு 20 மீட்டர் வேகம் என்றால், மணிக்குச் சுமார் 9,000 கன மீட்டர் காற்று. இந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வேண்டியிருக்கும்.

கூடவே நான்கு விஷயங்கள்: காற்றின் வெப்பநிலை, ஈரம், எண்ணெய்ப்பசை, தீப்பொறி. பச்சை மண்ணில் (ஈரமான, களிமண் கலந்த மணலில்) வார்க்கும் பவுண்டரிகளில் பலர் கோட்டைவிடுவது ஈரத்தைத்தான். சூடான வார்ப்பு மண்ணோடு சேர்ந்து உதிரும்போது நீராவி கிளம்பும். அது டக்ட்டில் குளிர்ந்து நீராகிவிட்டால், பென்டோனைட் களிமண் கலந்த தூசி துணிமேல் சேறாக அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தத் துணியாலும் பயனில்லை. டக்ட்டுக்கு இன்சுலேஷன் போடுவது அங்கே துணி மாற்றுவதைவிட மலிவான வைத்தியம்.

படி 2: நார் எது?

நான்-வோவன் என்றால் நெய்யாமல், நார்களை நேரடியாகப் பிணைத்துச் செய்த துணி. பிணைக்கும் முறை பலவகை. துணிப் பைகள் வழியாகக் காற்றை வடிகட்டும் பேக் ஃபில்டருக்கு வருவது பெரும்பாலும் நீடில் ஃபெல்ட். முள்வைத்த ஊசிகள் ஆயிரக்கணக்கில் மேலும் கீழும் குத்தி நார்களைச் சிக்கவைக்கும். நடுவில் ஸ்க்ரிம் என்ற வலைத்துணி ஒன்று பலத்துக்காக இருக்கும்.

எந்த நார் என்பதை முதலில் வெப்பநிலை தீர்மானிக்கும். தொடர்ந்து தாங்கக்கூடிய அளவைத் தோராயமாகச் சொல்கிறேன். பாலிபுரோப்பிலீன் 90 டிகிரி செல்சியஸ், அக்ரிலிக் 125, பாலியஸ்டர் 130 முதல் 150, பி.பி.எஸ். (பாலிஃபீனிலீன் சல்ஃபைடு) 190, நோமெக்ஸ் போன்ற அராமிட் 200, பி-84 பாலிஇமைடு 240, டெஃப்லான் 260.

இதைப் பார்த்ததும் ‘பாலியஸ்டரே போதும், விலையும் குறைவு’ என்று தோன்றும். வறண்ட காற்றுக்குச் சரிதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் பாலியஸ்டர் நீராற்பகுப்பில் (நீர் நாரின் மூலக்கூறுகளை உடைப்பதால்) உள்ளுக்குள்ளேயே நைந்துபோகும். வெளியே பார்க்கப் புதிதுபோல இருக்கும், கையால் இழுத்தால் காகிதமாகக் கிழியும். காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் வெப்பத் தாக்குப்பிடிப்பு குறைவான அக்ரிலிக்தான் நீடித்து உழைக்கும். பி.பி.எஸ். ஈரத்துக்கும் அமிலத்துக்கும் அஞ்சாது, ஆனால் சூட்டோடு ஆக்சிஜன் அதிகமானால் கெடும். ஆகவே அட்டவணையில் உள்ள டிகிரியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

நம் பவுண்டரியில் ஷேக்-அவுட் காற்று டக்ட்டின் நீளத்தில் ஆறி, 60 டிகிரிக்குக் கீழே வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீர் ஒட்டாத ஃபினிஷ் கொடுத்த பாலியஸ்டர் போதும். தீப்பொறி வருமானால் துணிக்கு முன்னால் பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் கட்டாயம். பொறி பட்டால் பாலியஸ்டர் உருகி ஓட்டை விழும். ஒரு பையில் விழும் சிறு ஓட்டை போதும், சிம்னியில் தூசி தெரியும்.

முகக்கவசத்தில் வரும் மெல்ட்புளோன் துணி இதைவிட நுண்ணிய தூசியைப் பிடிக்குமே, அதைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது 1 முதல் 5 மைக்ரான் தடிமனுள்ள நார். 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், காற்றில் கலந்த கதிரியக்கத் துகள்களைப் பிடிப்பதற்காக உருவாக்கத் தொடங்கிய நுட்பம். அறைக் காற்றுக்கு அருமையானது. பவுண்டரித் தூசியில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அழுத்தக் காற்றால் உதறிச் சுத்தம் செய்யவும் அது தாங்காது.

படி 3: கனமும் மேற்பரப்பும்

பேக் ஃபில்டர் ஃபெல்ட் பெரும்பாலும் 400 முதல் 600 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை வரும். 500 ஜி.எஸ்.எம். வழக்கமான தேர்வு. கனம் கூடினால் வடிகட்டும் திறனும் அதே அளவு கூடும் என்று நினைக்க வேண்டாம். உண்மையில் வடிகட்டுவது துணிமேல் படியும் தூசிப் படலம். துணி அந்தப் படலத்தைத் தாங்கி நிற்கும் தளம், அவ்வளவுதான். தோசைக்கல் பழகுவதுபோல, பையும் சில நாள் ஓடிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

தூசி மிக நுண்ணியதாக இருந்தாலோ, படலம் உதிராமல் ஒட்டிக்கொண்டாலோ டெஃப்லான் படலம் ஒட்டிய ஃபெல்ட் வாங்கலாம். அதில் தூசி மேற்பரப்பிலேயே நின்றுவிடும். விலை பல மடங்கு. மண் தூசிக்கு, மேற்பரப்பை லேசாகச் சுட்டு வழவழப்பாக்கிய சாதாரண ஃபெல்ட்டே போதும். நிலக்கரித்தூள் போலப் பற்றிக்கொள்ளும் தூசி என்றால், கடத்தும் நார் கலந்த ஆன்டிஸ்டேட்டிக் துணியைக் கேளுங்கள், எர்த் இணைப்பும் கொடுங்கள்.

படி 4: எத்தனை பை?

9,000 கன மீட்டரை 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 150. துணியின் ஒரு சதுர மீட்டர் வழியாக நிமிடத்துக்கு 1.2 கன மீட்டர் காற்று போகலாம் என்று வைத்தால் 125 சதுர மீட்டர் துணி வேண்டும். 160 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள பை ஒன்றின் பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். ஆக 83 பைக்கு மேல். 12 பை கொண்ட 7 வரிசை, மொத்தம் 84.

செலவைக் குறைக்க இந்த 1.2ஐ 2 ஆக்கி 50 பையில் முடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். பிறகு தூசி நாருக்குள் ஆழமாக அழுந்தி, உதறினாலும் விழாது. கொட்டேஷனில் ஒரே ஒரு எண்ணைக் கேட்டு வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

படி 5: வந்த துணி கேட்ட துணிதானா?

இதற்கு லேப் தேவையில்லை. 10-க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி, கிராம் காட்டும் தராசில் நிறுத்துங்கள். வந்ததை 100ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 5 கிராம் என்றால் 500.

அடுத்து, சில நார்களை மட்டும் பிய்த்து, சோப்பு நீரில் நன்றாக நனைத்துக் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். பாலிபுரோப்பிலீன் மிதக்கும், பாலியஸ்டர் மூழ்கும். இன்னொரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் தீயில் காட்டுங்கள். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். அராமிட் உருகாது, கருகும். அராமிட்டுக்கான விலை கொடுத்திருந்தால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

படி 6: மாட்டுவதும் ஓட்டத் தொடங்குவதும்

புளோயரை நிறுத்தி, மின்சாரத்தையும் அழுத்தக் காற்றையும் துண்டித்துப் பூட்டுப் போட்ட பிறகே உள்ளே இறங்க வேண்டும். பவுண்டரி மண்ணில் சிலிக்கா உண்டு. தொடர்ந்து மூச்சில் போனால் சிலிக்கோசிஸ் வரும். கைக்குட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள், என்-95 தரத்துக்குக் குறையாத கவசம் வேண்டும்.

பைக்குள் நிற்கும் கம்பிக்கூடான கேஜில் துரு, வெல்டிங் பிசிறு இருக்கிறதா என்று கையுறை போட்ட கையால் தடவிப் பாருங்கள். பை அறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மாட்டிய பிறகு துணியைக் கிள்ளினால் விரலுக்குக் கொஞ்சம் சிக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பல்ஸ் (தூசியை உதறும் அழுத்தக் காற்று) அடிக்கும்போது துணி அசையாது, தூசியும் உதிராது.

ஓட்டத் தொடங்கும்போது, சுத்திகரிப்பை நிறுத்திவைத்துக் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடியை டக்ட்டுக்குள் விடுங்கள். வெறும் துணிமேல் முதல் படலம் படியும். பையின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 100 மி.மீ. நீர்மட்டத்தை நெருங்கியதும் பல்ஸைத் தொடங்கலாம். அடிக்கடி பல்ஸ் அடித்தால் நல்லது என்று நினைத்து டைமரைக் குறைப்பவர்கள், வடிகட்டும் படலத்தையே உதறிக் கொட்டுகிறார்கள்.

படி 7: இனி வாடை

ஷெல் கோருக்கான மணலில் ஃபீனாலிக் ரெசின் பூசியிருக்கும். அதை இறுகவைக்க ஹெக்ஸமின் சேர்ப்பார்கள். சூட்டில் ஃபீனால், ஃபார்மால்டிஹைடு, அம்மோனியா மூன்றும் வரும். சாதாரணக் கரி ஃபீனாலை நன்றாகப் பிடிக்கும். மற்ற இரண்டையும் சரியாகப் பிடிக்காது. அம்மோனியாவுக்கு பாஸ்போரிக் அமிலம் ஏற்றிய கரி அல்லது அமிலம் கலந்த நீரில் கழுவும் ஸ்க்ரப்பர் வேண்டும். சாக்கடை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கோ நேர்மாறாகக் காரம் ஏற்றிய கரி. ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று மட்டும் எழுதி ஆர்டர் போட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

கரித்துணியில் மூன்று வகை உண்டு: தூளைப் பசையால் ஒட்டியது, குருணையை இரண்டு நான்-வோவன் அடுக்குகளுக்கு நடுவே வைத்தது, நாரையே கரியாக்கியது. வெள்ளைத் தாளின்மேல் உதறிப் பாருங்கள். கரி கொட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது ஒரு கணக்கு. கோர் அறையில் வாடையை உறிஞ்சும் ஹூடில் மணிக்கு 3,000 கன மீட்டர் காற்று, ஒரு கன மீட்டரில் 5 மில்லிகிராம் ஃபீனால் என்று கொள்வோம். 8 மணி நேரத்தில் 120 கிராம். கரி தன் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பிடிக்கும் என்றால் நாளுக்கு 1.2 கிலோ கரி. சதுர மீட்டருக்கு 200 கிராம் கரி உள்ள துணியில் அது 6 சதுர மீட்டர், ஒரே நாளில் தீர்ந்துவிடும்! இந்த வேலைக்குக் கரித்துணி கட்டுபடியாகாது. தொட்டியின் மூச்சுக்குழாய், சிறிய லேப் அறை, ஆபீஸ் ஏசி என்று காற்றும் வாடையும் குறைவாக உள்ள இடங்களுக்கு அது பொருத்தம்.

கோர் அறைக்கு 2.8 சதுர மீட்டர் பரப்பில், 30 செ.மீ. ஆழத்தில் குருணைக் கரிப் படுகை போடுங்கள். காற்று வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் கடக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி என்றால் சுமார் 400 கிலோ பிடிக்கும், கணக்குப்படி சுமார் 330 வேலை நாள் வரும். பாதியிலேயே மாற்றத் தயாராக இருங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலும், காற்று 40 டிகிரிக்கு மேல் சூடானாலும் கரியின் திறன் இறங்கும். இங்கேயும் நான்-வோவனுக்கு வேலை உண்டு. படுகைக்கு முன்னால் தூசி பிடிக்க ஒரு ப்ரீ-ஃபில்டர், படுகைக்கு அடியில் கரித்தூள் வெளியேறாமல் தடுக்க ஒரு பாலிபுரோப்பிலீன் ஃபெல்ட்.

மாற்றும் நாளை மூக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். அந்த அறையில் வேலை செய்பவருக்கு வாடை பழகிப்போயிருக்கும். படுகைக்குப் பின்னால் ஒரு சாம்பிள் துளை வைத்து, வாயு பட்டால் நிறம் மாறும் டிடெக்டர் டியூபால் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். கழித்த கரி, இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் வரும். கொதிகலனில் போட்டு எரிக்காமல், மூடிய பீப்பாயில் லேபிள் ஒட்டி வைத்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.