கொலுசுப் பட்டறைக்காரர் தேடும் சொல்லில் உங்கள் செயலியை வைப்பது எப்படி

ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள்தாம். ஓய்வாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் அத்தனை பெயர்களையும் படித்துவிடலாம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு மார்க்கெட் 2012 மார்ச்சில் கூகுள் பிளே என்று பெயர் மாறியது. 2013 முடிவதற்குள் இரு கடைகளும் தனித்தனியே பத்து இலட்சம் செயலிகளைத் தொட்டுவிட்டன. இவ்வளவு பெரிய கடையில் யாரும் அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. ஒரு சொல்லைத் தேடுகிறார்கள், முதலில் வரும் நான்கைந்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்காக, கொடுத்த வெள்ளியையும் திரும்பி வந்த கொலுசின் எடையையும் டச்சையும் (வெள்ளியின் தூய்மை அளவு) சேதாரத்தையும் கூலியையும் எழுதி வைக்கும் சிறு செயலி ஒன்றை உருவாக்கியவன் என்ற முறையில், அதைக் கண்ணில் படவைக்க நான் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெயர் வைப்பதற்கு முன்பே தேடும் சொல்லைக் கண்டுபிடியுங்கள். நான் இதைப் பின்னால்தான் செய்தேன். பளபளப்பான ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டி, விளக்கத்தில் ‘வெள்ளி வணிக மேலாண்மை’ என்று பெருமையாக எழுதி வெளியிட்டிருந்தேன். பிறகு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்காரரிடம் போய், எதுவும் சொல்லிக்கொடுக்காமல், ‘உங்கள் போனில் இதைத் தேடிப் பாருங்கள்’ என்றேன். அவர் கையில் பாலிஷ் கறை இருந்ததால் எழுத்தைத் தட்டவே இல்லை. மைக் குறியைப் புறங்கையால் அழுத்தி, ‘கொலுசு கணக்கு எழுதுற ஆப்பு’ என்றார். வந்தவை எல்லாம் கொலுசு டிசைன் படங்கள் காட்டும் செயலிகள். ‘மேலாண்மை’ என்ற சொல்லை அவர் மட்டுமல்ல, அதன் பிறகு நான் கேட்ட ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆகவே பத்துப் பேரையாவது இப்படித் தேடச் சொல்லி, அவர்கள் சொன்னதையும் தட்டியதையும் எழுத்துப் பிழையோடு அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். சிலர் குரலில் தமிழாகச் சொல்வார்கள், சிலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள், சிலர் ‘சில்வர் அக்கவுண்ட்’ என்பார்கள். மூன்றும் வேண்டும்.

இந்தச் சொற்களை எங்கே வைப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. பிளே ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்துக்குறிகள், குறு விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4,000 என்று வரம்பு உண்டு. தமிழில் எழுதுவோர் இங்கே ஏமாறுவார்கள். ஏனெனில் நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதைக் கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் பிரித்து எண்ணுகிறது. ‘கொலுசுப் பட்டறைக் கணக்கு’ என்பதில் நாம் எண்ணினால் 13 எழுத்துகள். கணினி எண்ணினால், இடைவெளிகளையும் சேர்த்து, 24. மீதி ஆறில் வேறு எதையும் திணிக்க முடியாது என்பதால், பெயரில் தொழிலின் சொல்லை மட்டும் வைத்துவிட்டு, டச்சு, கூலி, சேதாரம் ஆகியவற்றைக் குறு விளக்கத்துக்குத் தள்ளுங்கள். ‘நம்பர் ஒன்’ போன்ற விளம்பரச் சொற்களையும் பொம்மைக் குறிகளையும் (எமோஜி) பெயரில் சேர்ப்பதைக் கூகுளின் விதி தடுக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளே ஸ்டோரில் செயலிக்குத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் தனியாக எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்; அது பொதுவாக மொழியைத் தமிழாக வைத்திருக்கும் போனுக்குத்தான் காட்டப்படும். தமிழிலேயே பேசிப் புழங்கும் நம் ஊரில்கூட, நான் வாங்கிப் பார்த்த போன்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஆகவே ஆங்கிலப் பக்கத்தின் விளக்கத்திலும் கொலுசு, பட்டறை, கூலி ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில், முழு வாக்கியங்களுக்குள் இயல்பாகச் சேர்த்து எழுதுங்கள். சொற்களை வரிசையாக அடுக்கினால் அது விதிமீறல், செயலியே நீக்கப்படக்கூடும். ஆப்பிளில் மறைவான தேடுசொற்களுக்கென்று 100 எழுத்துக்குறிகள் கொண்ட தனிப் பெட்டி உண்டு, பிளே ஸ்டோரில் அது இல்லை. செயலி வெளியிடுவோருக்கான பதிவுக் கட்டணம் கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் என்பதால், சிறிய அளவில் தொடங்குவோர் ஆப்பிளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை.

பிளே ஸ்டோரில் செயலி வெளியிட 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன், குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளர்களாக வைத்திருக்க வேண்டும்; தொடக்கத்தில் இது 20 பேராக இருந்தது. இதைத் தொல்லை என்று நினைத்துச் சொந்தக்காரர்களின் போன்களை வைத்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அது பெரிய நட்டம். சிவதாபுரத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் உண்மையாகவே பட்டறை நடத்தும் 12 பேரைப் பிடித்தால், உங்கள் முதல் வாடிக்கையாளர்களே அவர்கள்தாம். அவர்களில் ஒருவர்தான் எடைப் பெட்டியில் மூன்று தசம இடம் வேண்டும் என்று எனக்குச் சொன்னவர்.

செயலி நின்று நின்று போனால் மேற்சொன்ன எதுவும் பலிக்காது. பயன்படுத்துவோர் கண்ணெதிரே செயலி நொறுங்கும் விகிதம் 1.09 சதவீதத்தையோ, பதில் சொல்லாமல் உறையும் விகிதம் 0.47 சதவீதத்தையோ தாண்டினால், பிளே ஸ்டோர் அதைக் காட்டுவதையே குறைத்துக்கொள்ளலாம். சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பேருந்தில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை செயலியில் கணக்குப் போட்டுக்கொண்டே போங்கள். சிக்னல் வந்து வந்து போகும் அந்தப் பாதையில், இணையம் அறுந்த நொடியில் ‘சேமி’ என்று அழுத்தினால் என்ன ஆகிறது என்பது தெரிந்துவிடும். என் செயலி முதல் பயணத்தில் இரண்டு முறை விழுந்தது.

மதிப்புரையைக் காசு கொடுத்தோ, பரிசு கொடுத்தோ வாங்காதீர்கள். கேட்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்: செயலியைத் திறந்தவுடன் நட்சத்திரம் கேட்டால் எரிச்சல்தான் வரும், வாரக் கூலி பட்டுவாடா முடிந்து கணக்கு நேரான பிறகு கேட்டால் மனம் குளிர்ந்திருக்கும். திட்டி எழுதியவருக்கு 350 எழுத்துக்குறிகளுக்குள் பதில் எழுதலாம். அதைக் குறை சரியான பிறகு எழுதுவது நல்லது.

கடைசியாக, கடைக்கு வெளியே. தேடுசொல் சரியாக அமைந்தாலும், பதிவிறக்கமே இல்லாத செயலியை மேலே கொண்டுவர ஸ்டோருக்குக் காரணம் இல்லை. முதல் கூட்டத்தை நீங்கள்தான் தெருவிலிருந்து கொண்டுவர வேண்டும். உங்கள் செயலிப் பக்கத்தின் முகவரியைக் கியூஆர் கோடாக மாற்றி, வெள்ளி உருக்கும் இடத்திலும் டச்சுப் பார்க்கும் கடையிலும், ஆள் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். முகவரியின் இறுதியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனிக் குறியைச் சேர்த்தால், எந்த அட்டையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதை, செயலியை நிர்வகிக்கக் கூகுள் தரும் தளமான பிளே கன்சோலில் பார்க்கலாம். அச்சடிப்பதற்கு முன் பேக்கேஜ் பெயரை, அதாவது ஸ்டோர் உங்கள் செயலியை அடையாளம் காணும் தனிப்பெயரை, முடிவு செய்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றவே முடியாது, அந்தப் பெயர்தான் முகவரிக்குள் இருக்கிறது. நான் அட்டையைப் பளபளப்பான தாளில் அச்சடித்து, டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காமல் போனதால், இரண்டாம் முறை மங்கல் தாளில் அடித்துக் கொடுத்தேன்.